கருங்காட்டு மடைக் கதை சபையில் தேறிய விதம்

சேலத்தில் கதை என்ற பெயரில் பெரிய ஒழுங்கீனம் நடந்துவருகிறது என்பதை ராவ்சாகிப் பாலசுந்தரம் பென்ஷன் வாங்கிய மறுவாரமே கண்டுகொண்டார். டிப்டி கலெக்டராக இருந்த காலமெல்லாம் ஜனங்கள் அவர் முன்னால் வந்து நின்று எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வயிற்றில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ஒருவராவது தொடக்கம், நடு, முடிவு என்று முறையாகச் சொன்னதில்லை. முடிவை முதலில் சொல்லி அழுதுவிட்டு, தொடக்கம் என்னவென்று கேட்டால் பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினைக்குப் போனார்கள். உத்தியோகத்தில் இருந்தவரை அவர் அதைச் சகித்துக்கொண்டார். ஓய்வு கிடைத்ததும் கோட்டைப் பக்கம் ஒரு மாடியைப் பிடித்து, 'சேலம் ஜில்லா கதாலட்சண பரிபாலன சபை' என்று பலகை மாட்டிவிட்டார்.

சபையின் காரியதரிசி குழந்தைவேல் எம்.ஏ., காலேஜில் இங்கிலீஷ் போதிப்பவர். சீமையிலிருந்து அவர் வரவழைத்த தடித்த புஸ்தகத்தில், ஒரு கதைக்கு என்னென்ன உறுப்புகள் இருக்கவேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. அந்த உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க வித்துவான் சண்முகவேல் நியமிக்கப்பட்டார். கதைப்பின்னல், பாத்திரம், களம், முரண், நோக்குநிலை, மையக்கருத்து என்று அவர் வைத்த பெயர்கள் பச்சை மையில் எழுதி சுவரில் மாட்டப்பட்டன. இந்த மூவருக்கும் பின்னால் வக்கீல்களும் மண்டிக்காரர்களுமாக ஒரு கூட்டம், காபி வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தது.

சபைக்கு அதிகாரம் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது ஜில்லாவுக்கு வந்திருந்த கலெக்டர் துரை தமிழ்ப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவர் படித்துப் பழகுவதற்கு மாதம் ஒரு கதையைச் சபைதான் தேர்ந்து அனுப்பியது. ஜனங்களின் மனுக்கள் குமாஸ்தாக்களின் கூடையில் கிடந்தன. சபையில் தேறிய கதையையோ துரை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக, பென்சிலால் கோடு போட்டுப் படித்தார்.

இந்த நுணுக்கத்தை ஆத்தாயிக்குச் சொன்னவர் கலெக்டர் கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் சரவணமுத்து.

ஆத்தாயி மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே கருங்காட்டு மிட்டா என்ற சிறு ஜமீனைச் சேர்ந்தவள். அந்த வருஷம் கோடை முன்னதாகவே வந்து, ஏரிக்குக் கீழே இருந்த ராகியெல்லாம் பால் பிடிக்கிற சமயத்தில் வாடி நின்றது. ஏரியில் தண்ணீர் இருந்தது. ஆனால் மிட்டாதார் மதராசிலிருந்து ஒரு படகு வாங்கியிருந்தார். விருந்தாளிகளை வைத்துப் படகு விட ஏரி நிரம்பி இருக்கவேண்டும் என்று மடையை அடைத்து, பூட்டும் போட்டுவிட்டார். ஆத்தாயியின் புருஷன் சென்னியப்பன் இரண்டு தடவை போய்க் கேட்டுப் பார்த்தான். மூன்றாவது தடவை கேட்கவில்லை, கடப்பாரையோடு போய் மடையைத் திறந்துவிட்டான். விடிந்தபோது ராகி நனைந்திருந்தது. படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. மிட்டா ஆட்கள் வந்து அவனை இழுத்துப்போய் காலை முறித்து, பருத்திக் கிட்டங்கியில் போட்டுப் பூட்டினார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் ஆத்தாயி போய் அழுதாள். அவர் அந்தப் படகில் ஏற்கெனவே சவாரி செய்தவர்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வண்டி ஓட்டும் தன் அண்ணன் சின்னண்ணனின் வீட்டில் வந்து தங்கிக்கொண்டு அவள் கச்சேரிக்கு நடந்தாள். சரவணமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனு எழுதுவது வீண் வேலை என்று தொழிலுக்கு விரோதமாக உண்மையைச் சொன்னார். சபைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும், அவர்கள் தேர்ந்து அனுப்பினால் துரை படிப்பார், படித்தால் விடமாட்டார், வெள்ளைக்காரனுக்கு அந்தக் குணம் உண்டு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தாயி மாடிப்படி ஏறினாள். நேர் எதிரே சுவரில், சரிகை மாலைக்குள், மிட்டாதார் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சபையின் பிரதம போஷகர். சபை நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் காகிதம் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அவள் ஒரு படி பின்வாங்கினாள். ஆனாலும் கிட்டங்கிச் சன்னலுக்குள்ளே கிடக்கிற மனுஷனை நினைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லாமல் ஒரு பெரிய மனுசர் என்று மட்டும் வைத்து முழுவதையும் சொல்லி முடித்தாள்.

பிறகு ராவ்சாகிப் கண்ணாடியைத் துடைத்தபடி, கதைப்பின்னலில் காரணகாரியத் தொடர்ச்சி போதவில்லை என்று அபிப்பிராயம் சொன்னார். குழந்தைவேல் அதைச் சோதிக்க முன்வந்தார்.

"கதைத்தலைவன் மடையை ஏன் திறந்தான்?"

"வெள்ளாமை காஞ்சுபோச்சுங்க."

"வெள்ளாமை ஏன் காய்ந்தது?"

"தண்ணி இல்லீங்க."

"தண்ணீர் ஏன் இல்லை?"

"மடையை அடைச்சுப்போட்டாங்க."

"அதனால் அவன் மடையைத் திறந்தான். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்" என்றார் குழந்தைவேல், வருத்தத்தோடு. இது பின்னல் அல்ல, செக்குமாடு சுற்றுவது என்று வித்துவான் சண்முகவேல் வர்ணித்தார். அங்கத்தினர்கள் சிரித்தார்கள். அந்தப் பெரிய மனுசர் யார், அவருக்குப் பெயர் கிடையாதா, பெயரில்லாத எதிர்ப்பாத்திரம் மூடுபனி போன்றது என்று ஒரு வக்கீல் எழுந்து சொன்னார். ஆத்தாயி தலை குனிந்துகொண்டாள். மறுபடி மறுபடி கேட்டதும் சுவரைக் கை காட்டினாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராவ்சாகிப் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். சபை பாத்திரத்தைப் பார்க்குமே தவிர மனிதரைப் பார்க்காது என்றும், தம் உத்தியோக காலத்திலும் தாம் அப்படித்தான் இருந்ததாகவும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கதை அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். கதைத்தலைவனிடம் என்ன குறை என்று கேட்டார் குழந்தைவேல். ஆத்தாயி நன்றாக யோசித்து, அவருக்கு வலது காது கொஞ்சம் மந்தம் என்றாள். உடம்புக் குறை உதவாது, ஒழுக்கக் குறை வேண்டும் என்று விளக்கினார்கள். கள்ளு குடிப்பானா? குடிக்கமாட்டார். பெண் சகவாசம்? அவள் முகம் கறுத்தது. சூதாட்டம்? கோபத்தில் கொலைக்கு அஞ்சாதவனா? எதுவும் இல்லை என்றதும் குழந்தைவேல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். குறையில்லாத பாத்திரம் தட்டையான பாத்திரம், அதைத் துரை நம்பமாட்டார், துரை நம்பாத கதையைச் சபை அனுப்பாது.

அவள் கீழே இறங்கி வந்ததும் சரவணமுத்து, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைப்பதுதானே, கதைக்குத்தானே என்று கடிந்துகொண்டார். இரண்டு நாள் அவள் சோறு தின்னாமல் யோசித்தாள். மூன்றாம் ஞாயிறு, தரையைப் பார்த்துக்கொண்டு, கலியாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அவர் ஓமலூர்ச் சந்தையில் ஆடு திருடினார் என்று சொன்னாள். சொன்னதும் புருஷன் தலையில் தானே சேற்றை அள்ளிப் போட்டதுபோல அவளுக்கு வாய் கசந்தது. சபைக்கோ ஏக மகிழ்ச்சி. இப்போதுதான் இரத்தமும் சதையுமாக ஒரு மனிதன் தெரிகிறான் என்றார் ராவ்சாகிப். அன்றைய நடவடிக்கை, 'திருடன் என மனைவி ஒப்புக்கொண்டதால் பாத்திரம் முழுமை பெற்றது' என்ற தலைப்போடு பத்திரிகையில் வெளியாயிற்று.

பத்திரிகையின் முதல் பிரதி வழக்கம்போல் போஷகருக்குப் போயிற்று. மிட்டாதார் அதை இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார். அதுவரை, கிட்டங்கியில் ஒருவனைப் பூட்டி வைத்திருப்பது எல்லோருக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. காவல்காரன் மாரி இருட்டினபின் சின்னண்ணன் வண்டியோடு வருகிற நாட்களில் கொண்டுவரும் கூழைச் சன்னல் வழியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். இப்போது உள்ளே கிடப்பவன் ஆட்டுத் திருடன் என்று ஏற்பட்டுவிட்டது. அதுவும் பெண்டாட்டி வாயால். சன்னலுக்குப் பலகை அடித்தார்கள். கூழும் தண்ணீரும் மிட்டா ஆட்கள் நினைத்துக்கொண்டால்தான் உள்ளே போயிற்று.

சின்னண்ணன் இதை வந்து சொன்னபோது ஆத்தாயி கிழமையைப் பார்க்காமல் ராவ்சாகிப் வீட்டுக்கே ஓடினாள். தான் சொன்னது பொய், கதைக்காகச் சொன்னது, அதை எடுத்துவிட வேண்டும் என்று கெஞ்சினாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, தகப்பனைப்போல எடுத்துரைத்தார். அச்சானதைத் திருத்துவது ஆகாது. பாத்திரத்தின் குறையை நடுவில் உருவினால் மற்ற உறுப்பெல்லாம் சரிந்துவிடும். கதை நல்ல நிலைமையில் இருக்கிறது, பாக்கி களம் ஒன்றுதான். அதை நேரில் பார்த்துவிட்டால் சீக்கிரம் தேறிவிடும் என்றார். நேரில் பார்ப்பது என்றதும் ஆத்தாயிக்கு உயிர் வந்தது. கண்ணால் பார்த்துவிட்டால் கல்லும் கரையும் என்று நினைத்தாள்.

களப் பார்வைக்கு மூவரும் ராவ்சாகிப்பின் மோட்டாரில் போனார்கள். ஆத்தாயி முதல் நாளே அண்ணன் வண்டியில் போய், கிட்டங்கிக்கு எதிரே வேலியோரமாக ஒரு செம்பில் தண்ணீரோடு காத்திருந்தாள். மிட்டாதார் வீட்டில் விருந்து. சாப்பாட்டுக்கு அப்புறம் படகு. மடை மறுபடி அடைக்கப்பட்டு, கோடை மழையில் ஏரி ஓரளவு சேர்ந்திருந்தது. படகு நடு ஏரியைச் சுற்றி வருவதையும், வித்துவான் பாடிக்கொண்டே வருவதையும் அவள் கரையிலிருந்து பார்த்தாள். வெயில் சாய்ந்தபின்தான் அவர்கள் வெற்றிலை மென்றபடி கிட்டங்கிக்கு வந்தார்கள். மிட்டாதாரும் கூட வந்தார்.

சன்னல் பலகையை மாரி பெயர்த்தான். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் வித்துவான் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழந்தைவேல் அஞ்சாமல் தலையை நீட்டிப் பார்த்தார். சூழல் பிரமாதம், இதைவிடப் பொருத்தமான களத்தைக் கற்பனையால்கூட அமைக்க முடியாது என்றார். சென்னியப்பன் மூலையில் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்திருந்தான். முறிந்த கால் கறுத்து வீங்கியிருந்தது. வெளிச்சத்தைக் கண்டதும் உதட்டை அசைத்தான்.

"தண்ணி."

ஆத்தாயி செம்போடு ஓடிவந்தாள். குழந்தைவேல் கையை நீட்டி வழியை மறித்தார். கதை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, நடுவில் வெளியிலிருந்து கதைத்தலைவனுக்கு உதவி போனால் முரண் தளர்ந்துவிடும் என்றார். விமர்சகன் கதைக்குள் இறங்கக் கூடாது என்பது சபையின் மூன்றாவது விதி என்று ராவ்சாகிப் நினைவூட்டினார். தாகத்தைத் தீர்ப்பது கதையின் போக்கை மாற்றுமா மாற்றாதா என்று கிட்டங்கி வாசலிலேயே மூவரும் விவாதித்தார்கள். ஆத்தாயி ஒவ்வொருவர் காலாக விழுந்துகொண்டிருந்தாள்.

மிட்டாதாருக்கே பார்க்கச் சகிக்கவில்லை. "குடுத்துட்டுப் போகட்டுமுங்க. நான் என்ன ராட்சசனுங்களா?" என்றார்.

"தாங்கள் அப்படிச் சொல்லக் கூடாது" என்று குழந்தைவேல் பதறிவிட்டார். "தாங்கள் இந்த இடத்தில் இரங்கினால் தங்கள் பாத்திரம் கெட்டுப்போகும். இவ்வளவு தூரம் கட்டியதெல்லாம் வீணாகும்."

மிட்டாதார் கொஞ்சம் யோசித்தார். சபைக்கு இடைஞ்சலாக இருக்கத் தமக்கு விருப்பமில்லை, படித்தவர்கள் சொன்னால் சரி என்று ஒதுங்கிக்கொண்டார். ஆத்தாயி எழுந்து சன்னலுக்குப் பாய்ந்தாள். மாரி அவள் தோளைப் பிடித்து இழுத்ததில் செம்பு சுவரில் மோதி, தண்ணீர் வெளிச் சுவரிலேயே வழிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"புள்ள, ஊட்டுக்குப் போ" என்றான். "எருமைக்குத் தண்ணி காட்டு. கட்டுத்தறியிலயே கெடக்கும்."

குழந்தைவேல் அதைக் குறித்துக்கொண்டு, எருமை இதற்கு முன் கதையில் அறிமுகமாகவில்லையே, இந்த உரையாடல் ஒட்டவில்லையே என்று வித்துவானிடம் கவலைப்பட்டார். மாரி பலகையை மறுபடி வைத்து ஆணி அடித்தான்.

அப்புறமும் ஆத்தாயி சபைக்குப் போனாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் போக வேறு இடம் இல்லை. ஊரில் அவளோடு பேசவே பயந்தார்கள். சின்னண்ணன் ஆள் சேர்த்துக் கிட்டங்கியை உடைக்கப் பார்த்தான். ஆட்டுத் திருடனுக்காக யாரும் வரவில்லை. சபையில் இன்னும் ஓர் அமர்வு, உச்சம் மட்டும் தீர்ந்தால் மறுநாளே துரைக்குப் போய்விடும் என்று ராவ்சாகிப் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் மாடி ஏறி, வழக்கமான மூலையில் உட்கார்ந்தாள்.

உச்சம் என்ன என்பதற்குள் போகவே முடியவில்லை. உச்சம் என்ற சொல்லே வடமொழி, ஆகவே சபைச் சுவரில் அதை எழுத அனுமதிக்க முடியாது என்று வித்துவான் சண்முகவேல் எழுந்து நின்றுவிட்டார். 'முகடு' என்பதுதான் தமிழ் என்றார். முகடு என்றால் படிப்பவனுக்கு ஓட்டு வீடு ஞாபகம் வரும், கதையின் ஓடு ஒழுகுகிறதா என்று கேட்பான் என்று குழந்தைவேல் மறுத்தார். இரண்டும் வேண்டாம், 'சிகரம்' என்று வைக்கலாம் என்றார் ஒரு மண்டிக்காரர். ராவ்சாகிப் கிளைமாக்ஸ் என்று இங்கிலீஷிலேயே வைத்துவிட்டால் துரைக்குச் சுலபமாக இருக்கும் என்றார். வித்துவான் சபையை விட்டு வெளியேறுவதாகச் சொல்லிப் படிக்கட்டு வரைக்கும் போய், யாரும் கூப்பிடாததால் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஓட்டு எடுத்தார்கள். முகடும் கிளைமாக்ஸும் சமமாக வந்தன. காபி குடித்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். அப்போதும் சமமாக வந்தது.

மூன்றாம் தடவை கை தூக்கிக்கொண்டிருந்தபோது சின்னண்ணன் மாடிக்கு வந்தான். சாட்டையை வாசலில் வைத்துவிட்டு, கை தூக்கியிருந்தவர்களுக்கு நடுவே நடந்து வந்து தங்கைக்கு எதிரே குந்தினான்.

"எப்பங்கண்ணா?" என்று மட்டும் கேட்டாள் ஆத்தாயி.

"காத்தால. பலகையைப் பேத்துப் பாத்துருக்கானுங்க. உசுரு போயிருந்துருக்குது."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். கதை அமர்வில் இருக்கும்போது கதை சொன்னவள் எழுந்து போகக் கூடாது என்று குழந்தைவேல் அவளைத் தடுத்தார். விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், சபை மரியாதையாகச் சற்று நேரம் எழுந்து நின்றது. பிறகு உட்கார்ந்து, வந்த முடிவை ஆராய்ந்தது.

"முடிவு வந்துவிட்டது. உச்சம் வரவில்லை" என்றார் ராவ்சாகிப். "இந்த வரிசையை எப்படி ஏற்பது?"

குழந்தைவேல் கடுமையாகவே பேசினார். படிப்பவனை அழவைக்கக் கடைசியில் யாரையாவது கொன்றுவிடுவது சோம்பேறிக் கதைக்காரர்களின் வழக்கம் என்றார். இந்தச் சாவு வலிந்து புகுத்தப்பட்டது, தலைவன் உடல்நிலை இவ்வளவு மோசம் என்பதற்கு முன்னால் போதிய குறிப்பு இல்லை, எனவே நம்பகத்தன்மை இல்லை என்றார்.

"செத்தது நெசமுங்க" என்றாள் ஆத்தாயி.

"உலகத்தில் எப்படி வேண்டுமானாலும் சாகலாம், அம்மா. கதையில் சாவதற்கு முன்னேற்பாடு வேண்டும்."

சாவு ஏற்கப்படவில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று அதில் மட்டும் ஓட்டு சமமாக வரவில்லை.

சென்னியப்பனைக் கருங்காட்டில் அடக்கம் பண்ணினார்கள். ஜன்னி கண்டு செத்தான் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் சபையின் ஆண்டு விழா வந்தது. துரைக்குக் கதை அனுப்பவேண்டிய கெடுவும் வந்துவிட்டது. கையில் வேறு கதை இல்லை. தலைமை வகிக்க வந்த மிட்டாதார்தான் வழி காட்டினார். தமக்கு இலக்கணம் ஒன்றும் தெரியாது, ஆனால் இத்தனை நாளும் இந்தக் கதையை அந்தப் பெண் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டோமே, இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன என்று கேட்டார். நோக்குநிலை என்று கூவிக்கொண்டு குழந்தைவேல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சுவரில் பச்சை மையில் எழுதி வைத்தும் ஒருவருக்கும் தோன்றாத உறுப்பு அது.

நோக்குநிலை மாறியதும் எல்லா உறுப்பும் தானாக வந்து உட்கார்ந்தது. இப்போது கதைத்தலைவர் மிட்டாதார். அவருக்கு ஒரு குறை உண்டு, படகுப் பிரியம். மனிதத் தன்மையுள்ள சிறு குறை. ஆட்டுத் திருடன் ஒருவன் மடையை உடைத்து ஊர்ச் சொத்தைப் பாழாக்குகிறான். அவனைக் கொல்லாமல் பாதுகாப்பாக ஓரிடத்தில் வைக்கிறார் தலைவர். அவன் தண்ணீர் கேட்கும்போது இவர் மனம் இளகி, கொடுக்கட்டும் என்கிறார். அதுதான் உச்சம், பெயர் பின்னால் முடிவாகட்டும். விதி தடுத்துவிடுகிறது. விதி யார் என்பதை விளக்கவேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். திருடன் சாகிறான், தலைவர் ஏரிக்கரையில் தனியே நிற்கிறார். இப்போது அந்தச் சாவுக்கு முன்னேற்பாடும் இருந்தது, பயனும் இருந்தது. மையக்கருத்து, தயை. கதை கைத்தட்டலோடு தேறியது. சபை ஒருவர் உழைப்பைத் திருடாது என்பதால், 'சொன்னவர்: ஆத்தாயி' என்று அடியில் அச்சடித்து மலைக்கு அனுப்பினார்கள்.

துரை ஏற்காட்டில் கோடை முகாமில் இருந்தார். பரீட்சையில் மொழிபெயர்ப்புக்கு அந்தக் கதையைத்தான் எழுதினார். முதல் வகுப்பில் தேறினார். தேறிய சந்தோஷத்தில், கதை சொன்ன பெண்மணியை நேரில் காணவேண்டும் என்று ராவ்சாகிப்புக்குச் சொல்லியனுப்பினார்.

போகவேண்டாம் என்றான் சின்னண்ணன். மனுஷன் போனபிறகு யார் கேட்டு என்ன என்றான்.

"கேக்கறதுக்கு ஒரு காது இருக்குதுன்னு சொல்லித்தான இத்தன நாளு நடந்தேன். அதைப் பாத்துப்போட்டு வாரேன்" என்றாள் ஆத்தாயி.

ராவ்சாகிப் தம் மோட்டாரிலேயே அவளை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். சபைக்கு இது பெரிய கௌரவம், அவளுக்கும்தான் என்றார். பங்களா வராந்தாவில் துரை எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். சின்ன வயசு, சிவந்த முகம், நல்லவராகத் தெரிந்தார்.

"தாங்கள் இயற்றிய கதையை யாம் மிகவும் சுவைத்தோம்" என்றார் துரை, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "அதனைத் தங்கள் திருவாயால் கேட்க விழைகின்றோம்."

ஆத்தாயி சொன்னாள். ராகி வாடியதிலிருந்து சொன்னாள். படகு, பூட்டு, கடப்பாரை, முறிந்த கால், அவளே சொன்ன ஆட்டுப் பொய், சன்னல் பலகை, சுவரில் வழிந்த தண்ணீர், எருமை எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்தில் நிற்கும் ராவ்சாகிப்பையும் சொன்னாள், பெயர் சொல்லியே சொன்னாள். யாரும் குறுக்கே பேசவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அத்தனை மாசத்தில் முதல்முறையாக அவள் எதையும் மறைக்காமல், சொல்ல ஆரம்பித்ததைச் சொல்லி முடித்தாள். துரை தாடையில் கை வைத்து, இமை தட்டாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். சொல்லி முடித்தபோது அவளுக்கு நெஞ்சில் இருந்த பாறை ஓர் அங்குலம் நகர்ந்ததுபோல இருந்தது.

துரை ராவ்சாகிப் பக்கம் திரும்பினார். இந்த மொழி தாம் படித்த தமிழ் இல்லையே, ஒரு சொல்லும் பிடிபடவில்லையே, என்ன சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"தங்களுக்கு நன்றி சொல்கிறாள்" என்றார் ராவ்சாகிப்.

இவ்வளவு நேரமா என்று துரை ஆச்சரியப்பட்டார். நாட்டுப்புறத்தார் நெஞ்சு நிறைந்தால் அப்படித்தான் என்று ராவ்சாகிப் விளக்கினார். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜைமேல் இருந்த தட்டிலிருந்து இரண்டு மலைப் பேரிக்காயை எடுத்து அவள் கையில் வைத்தார். அவர்கள் பேசிய இங்கிலீஷ் ஆத்தாயிக்குத் தெரியாது. ஆனால் தான் சொன்னது புரிந்திருந்தால் கையில் பேரிக்காய் வைக்கமாட்டார்கள் என்பது தெரியும். அவள் அவற்றை வராந்தாப் படியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மோட்டார் அருகே ராவ்சாகிப் அவளுக்காகக் காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உண்மையில் நெகிழ்ந்துபோயிருந்தார்.

"ஆத்தாயி, இன்றைக்குச் சொன்னாயே, அது அருமை. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அந்த எருமைகூட ஒட்டிவிட்டது. முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் ஒரே அமர்வில் தேறியிருக்கும்."

ஆத்தாயி அவரைப் பார்த்தாள்.

"அப்ப நாஞ் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்காமலா? ஒரு சொல் விடாமல் கேட்டேன்" என்றார் ராவ்சாகிப் பெருமையோடு. டிரைவர் கதவைத் திறந்து பிடித்திருந்தான். ஏறிக்கொள், கீழே கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அவள் ஏறவில்லை. மோட்டார் கிளம்பிற்று. ஆத்தாயி மலைப்பாதையில் அதன் புழுதிக்குப் பின்னால் நடந்து இறங்கினாள்.